கணினி கேள்வி பதில்: 'வந்த' ஏன் 'வந்' ஆனது?

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. சி மொழியில் எழுத்துகளை ஓர் என்கோடிங்கிலிருந்து (எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறை) இன்னொன்றுக்கு மாற்றும்போது ஏற்படும் சிக்கல்தான் அது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் வரலாற்றை யூடிஎஃப்-8-இல் (யுனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். அச்சகத்தில் இருக்கும் பழைய மென்பொருள் திஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங்கை மட்டும்தான் ஏற்கும் என்பதால், லினக்ஸில் ஐகான்வ் (என்கோடிங் மாற்றும் சி நூலகச் சார்பு) வைத்து ஒரு சி நிரல் எழுதினேன். வரி வரியாக மாற்றினால் சில வரிகளில் கடைசி எழுத்து காணாமல் போகிறது, 'வந்த' என்பது 'வந்' ஆகிறது. 4096 பைட் துண்டுகளாகப் படித்து மாற்றினால் முதல் துண்டின் முடிவிலேயே பிழை. அதைச் சமாளித்தாலும் நடுவில் எங்கோ நின்றுவிடுகிறது. ஐகான்வையே விட்டுவிடலாமா? (திருநெல்வேலி வாசகர்)

விடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு, மூன்றையுமே சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்த 'வந்த'. யுனிகோட் எழுத்தை ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. 'கொ' என்றால் முதலில் க (2965), அப்புறம் ஒகரக் குறி (3018). திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது: முதலில் ஒற்றைக் கொம்பு (166), பிறகு க (184), கடைசியில் கால் (161). இப்போது மாற்றியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். யூடிஎஃப்-8-இல் ஒரு 'த' வருகிறது. அடுத்து கொம்பு வந்தால் அதைத் தகரத்துக்கு முன்னால் எழுத வேண்டும், புள்ளி வந்தால் 'த்' என்ற வேறு பைட்டை எழுத வேண்டும். அதனால் அந்தத் 'த'வை உடனே எழுதாமல் உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது. உங்கள் வரி 'வந்த' என்று முடிகிறது, வரிமுடிவுக் குறியையும் நீங்களே வெட்டிவிட்டீர்கள், உடனே ஐகான்வ்_குளோஸ் என்று மூடிவிட்டீர்கள். கையில் பிடித்திருந்த 'த' அப்படியே போய்விட்டது. பெரும்பாலும் அகரத்தில் முடியும் வரிகளில் இது நடப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு வரிக்கும் புதிதாகத் திறக்காமல் ஒரே கைப்பிடியை வைத்திருந்தால் அந்தத் 'த' அடுத்த வரியின் தலையில் போய் ஒட்டியிருக்கும்.

தீர்வு ஒரே ஒரு அழைப்பு. உள்ளீடு முடிந்ததும், மூடுவதற்கு முன், உள்ளீட்டுச் சுட்டி இருக்க வேண்டிய இடத்தில் நல் (வெற்றுச் சுட்டி) கொடுத்து, வெளியீட்டு பஃபரை (முடிவை எழுதும் நினைவிடம்) மட்டும் வழக்கம்போலக் கொடுத்து ஐகான்வை இன்னொரு முறை அழையுங்கள். பிடித்து வைத்திருப்பதையெல்லாம் கொட்டிவிடும். நான் பார்த்த சி நிரல்களில் பாதிக்கு மேல் இந்த அழைப்பு இல்லை. ஆங்கிலத்தை மாற்றுகிறவர்களுக்கு இது இல்லாமலும் ஓடிவிடும், நமக்கு ஓடாது.

இரண்டாவது, 4096. தமிழின் ஒவ்வொரு யுனிகோட் குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். 4096 மூன்றால் வகுபடாது, நடுவில் ஒரு பைட் இடைவெளிகளும் கலந்து வரும், ஆகவே துண்டின் கடைசியில் ஓர் எழுத்து பாதியில் வெட்டுப்படுவது அன்றாடம் நடப்பது. அப்போது ஐகான்வ் எர்னோவில் (கடைசிப் பிழையின் எண் நிற்கும் மாறி) ஈஇன்வால் என்ற எண்ணை வைத்துவிட்டுத் திரும்புகிறது. இதைப் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 'இந்த எழுத்து இன்னும் முடியவில்லை, மீதியைக் கொண்டு வா' என்கிறது, அவ்வளவுதான். மீந்திருக்கும் ஒன்றோ இரண்டோ பைட்டை பஃபரின் தொடக்கத்துக்கு மெம்மூவ் வைத்து நகர்த்தி, அதற்குப் பின்னால் அடுத்த துண்டைப் படியுங்கள். கோப்பின் முடிவிலும் மீதி இருந்தால் மட்டுமே கோப்பு உண்மையில் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். இதேபோல ஈ2பிக் வந்தால் வெளியீட்டு பஃபர் நிரம்பிவிட்டது, எழுதிவிட்டுத் தொடருங்கள். பின்னொரு நாள் எதிர்த்திசையில் மாற்றினால் இது அடிக்கடி வரும், ஏனென்றால் 'தமிழ்' என்ற சொல் திஸ்கியில் 4 பைட், யூடிஎஃப்-8-இல் 15 பைட். 'ஸ்ரீ' இன்னும் மோசம், ஒரு பைட் 12 பைட்டாகும்.

மூன்றாவதுதான் உண்மையான பிரச்சினை. நடுவில் நிற்கும்போது எர்னோவில் ஈஇல்செக், அதாவது 'இந்த எழுத்தை மாற்ற முடியவில்லை' என்ற எண், இருக்கும். நின்ற இடத்தில் என்ன எழுத்து என்று பாருங்கள், உள்ளீட்டுச் சுட்டி சரியாக அந்த எழுத்தின்மேல்தான் நிற்கிறது. ₹ ஆக இருக்கலாம். அது யுனிகோடுக்குள் வந்ததே 2010-இல். திஸ்கி 1990-களின் வேலை. பழைய வடமொழிப் பெயர்களை எழுத 'ஶ' போட்டிருக்கலாம், அது 2005-இல் சேர்ந்தது. நீளமான இடைக்கோடாகவும் இருக்கலாம், சாய்ந்த மேற்கோள் குறிகளுக்குத் திஸ்கியில் இடம் உண்டு, அந்தக் கோட்டுக்கு இல்லை. ஊர் வரலாறு என்கிறீர்கள், ஆகவே ஒரு சின்ன அட்டவணை போதும்: ₹ வந்தால் 'ரூ.', 'ஶ' வந்தால் 'ச', நீளக் கோட்டுக்குச் சாதாரணக் கோடு. அட்டவணையில் இல்லாதது வந்தால் வரி எண்ணோடு திரையில் எழுதிவிட்டு நில்லுங்கள். புத்தகத்தில் போகிற விஷயம், ஊகித்து எதையும் நிரப்ப வேண்டாம்.

ஒரு சின்னக் குறிப்பு. ஐகான்வ்_ஓப்பன் தோற்றால் நல் தராது, -1-ஐத் தரும், நல் என்று சோதித்தால் தோல்வியே தெரியாது. அதில் போய்ச்சேரும் என்கோடிங் முதலில், புறப்படும் என்கோடிங் இரண்டாவது. திஸ்கி ஜிலிப்சியில் (பெரும்பாலான லினக்ஸின் சி நூலகம்) இருக்கிறது. மசல் என்ற வேறொரு சி நூலகத்தைப் பயன்படுத்தும் ஆல்பைன் போன்ற லினக்ஸில் இல்லை.

எங்கள் மென்பொருளில் வாடிக்கையாளர் பெயர்கள் யூடிஎஃப்-8-இல் இருக்கின்றன. இன்னொரு நிறுவனத்தின் பழைய அமைப்புக்கு விண்டோஸ்-1252-இல் (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஒரு பைட் என்கோடிங்) அனுப்ப வேண்டும். மாற்ற முடியாத எழுத்து வந்தால் ஒரு பைட் தாண்டி ஒரு கேள்விக்குறி போடும்படி எழுதினேன், 'முருகன்' என்ற பெயர் 21 கேள்விக்குறிகளாகப் போனது. குழுத் தலைவர் 'இக்னோர் போட்டுவிடு, முடிந்தது' என்கிறார். சரியா? (சென்னை வாசகர்)

சரியில்லை. இக்னோர் என்பது மாற்ற முடியாத எழுத்தை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் விருப்பத்தேர்வு. அதைப் போட்டால் 'முருகன்' வெறும் வெற்றிடமாகப் போகும். 21 கேள்விக்குறியைப் பார்த்தால் யாராவது ஏதோ தவறு என்று கேட்பார்கள், வெற்றிடத்தைப் பார்த்து யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு மனிதரின் பெயர் பதிவேட்டிலிருந்து சத்தமில்லாமல் அழிவதை ஒரு விருப்பத்தேர்வாக வைப்பதையே நான் ஏற்க மாட்டேன்.

முதலில் அந்த 21. 'முருகன்' கண்ணுக்கு நான்கு எழுத்து, யுனிகோடில் 7 குறிகள், பைட்டில் 21. ஒரு பைட் மட்டும் தாண்டினால் மீதி இரண்டு பைட்டும் தனித்தனியாகப் பிழை தரும். முதல் பைட் 224-லிருந்து 239-க்குள் இருந்தால் அது மூன்று பைட் எழுத்து, மொத்தமாகத் தாண்ட வேண்டும்.

ஆனால் அப்படித் தாண்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிலிப்சியில் ஈஇல்செக் இரண்டு வேறு விஷயங்களுக்கு வருகிறது. உள்ளீடே கெட்டுப்போன யூடிஎஃப்-8 என்றாலும் அதே எண், உள்ளீடு நன்றாக இருந்து போகிற இடத்தில் அந்த எழுத்து இல்லை என்றாலும் அதே எண். முதலாவது தரவு கெட்டது, இரண்டாவது தரவு நல்லது, இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. பிரிக்க எளிய வழி, இரண்டு கட்டமாக மாற்றுவது. முதலில் யூடிஎஃப்-8-லிருந்து யூடிஎஃப்-32-க்கு (ஒவ்வொரு குறிக்கும் 4 பைட்). இங்கே விழுந்தால் உள்ளீடு கெட்டது, அனுப்பியவரிடம் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் யூடிஎஃப்-32-லிருந்து விண்டோஸ்-1252-க்கு. இங்கே விழுந்தால் அந்த எழுத்துக்கு அங்கே இடமில்லை, எந்த எழுத்து என்பதும் ஒரே எண்ணாக உங்கள் கையில் இருக்கும்.

அந்த எண் கையில் இருப்பதால் நல்ல வழி ஒன்று திறக்கிறது. கேள்விக்குறிக்குப் பதிலாக, வலைப்பக்கங்களில் செய்வதுபோல, ம என்று எண்ணையே எழுதி அனுப்பலாம், அது 'ம'. பார்க்க அழகாக இருக்காது, நீளமும் கூடும், ஆனால் எதுவும் அழியவில்லை, நாளைக்கு அந்த நிறுவனம் யுனிகோடுக்கு வந்ததும் அத்தனை பெயரும் திரும்பக் கிடைக்கும். அவர்கள் ஏற்க மாட்டேன் என்றால், வாடிக்கையாளரே ஆங்கிலத்தில் எழுதித் தந்த பெயர் உங்களிடம் இருக்கிறதா பாருங்கள், அதை அனுப்புங்கள். அதுவும் இல்லையென்றால் அந்தப் பதிவை நிறுத்தி வைத்து ஒரு மனிதர் பார்க்கும் பட்டியலில் போடுங்கள். கேள்விக்குறி கடைசி வழி, அதைப் போட்டாலும் எத்தனை போட்டோம் என்று எண்ணி, எண்ணிக்கையைக் கோப்போடு சேர்த்தே அனுப்ப வேண்டும்.

டிரான்ஸ்லிட் என்ற வழியையும் (இடமில்லாத எழுத்துக்குப் பதில் ஒத்த எழுத்தைப் போடுவது) யாராவது சொல்வார்கள். ஐரோப்பிய எழுத்துகளுக்கு அது பரவாயில்லை, யூரோ குறியை மூன்றெழுத்தாக எழுதும், சாய்ந்த மேற்கோளை நேராக்கும். தமிழுக்கு அதில் எதுவும் கிடைக்காது. மேலும் அதன் முடிவு லோகேலை (நிரலின் மொழி, நாட்டு அமைப்பு) பொறுத்தது, செட்லோகேல் அழைக்காத நிரலில் ஒரு மாதிரியும் அழைத்த நிரலில் வேறு மாதிரியும் வரும். மசலிலோ, இடமில்லாத எழுத்துக்கு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு, எத்தனை போட்டேன் என்பதைத் திரும்பும் எண்ணில் சொல்கிறது, -1 வரவே வராது. ஆகவே திரும்பும் எண் -1-ஆ என்று மட்டும் சோதிப்பது போதாது, பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்விக்குறியை நேரடியாக 63 என்று வெளியீட்டில் எழுதாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகிற இடம் யூடிஎஃப்-16 என்றால் அதற்கு இரண்டு பைட் வேண்டும். பெரிய கணினிகளின் எப்சிடிக் என்றால் கேள்விக்குறி 111. அந்தக் கேள்விக்குறியையும் ஐகான்வ் வழியாகவே மாற்றி அனுப்புங்கள்.

உங்கள் நிரல் விண்டோஸிலும் ஓடும் என்றால், வைட்சார்டுமல்டிபைட் என்ற விண்டோஸ் மாற்றுச் சார்பை அழைக்கும்போது 'பொருத்தமானதைத் தேடாதே' என்ற கொடியைப் போடுங்கள். போடாவிட்டால் அது ஒத்துப்போகிற ஓர் எழுத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். முடிவிலிக் குறி ∞ விண்டோஸ்-1252-இல் 8 என்ற இலக்கமாகிவிடும். முடிவில்லாதது எட்டாவதை நினைத்துப் பாருங்கள், அதுவும் ஒரு பிழைச் செய்தி இல்லாமல். பாதுகாப்பிலும் இது ஓட்டை. 2024-இல் விண்டோஸில் சிஜிஐ முறையில் (வலைச் சேவையகம் வெளி நிரலை ஓட்டும் முறை) ஓடும் பிஎச்பி என்ற வலைத்தள நிரல்மொழியில் வெளியான பெரிய ஓட்டைக்கு இதுதான் வேர்: ஜப்பானிய, சீன அமைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத மென்கோடு ஒன்று சாதாரணக் கோடாக மாற்றப்பட்டு, கட்டளைக்கு விருப்பத்தேர்வாக உள்ளே நுழைந்தது. சரிபார்ப்பை மாற்றத்துக்கு முன் செய்துவிட்டு, மாற்றிய பின் திரும்பப் பார்க்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். அதே ஆண்டு ஜிலிப்சியின் ஐகான்விலும் ஓர் ஓட்டை வெளிவந்தது, சீன என்கோடிங் ஒன்றுக்கு மாற்றும்போது பஃபரைத் தாண்டி 4 பைட் வரை எழுதிவிடும். என்கோடிங் பெயரை வெளியிலிருந்து வரும் கோரிக்கையிலிருந்து எடுக்காமல், உங்களுக்குத் தேவையான இரண்டு மூன்று பெயர்களை மட்டும் அனுமதியுங்கள்.

பழைய தரவுத்தளத்தில் தமிழ் எல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று கிடக்கிறது. யூடிஎஃப்-8-லிருந்து விண்டோஸ்-1252-க்கு மாற்றினால் தமிழ் திரும்ப வரும் என்றார்கள். வந்தது, ஆனால் பல இடங்களில் புள்ளியும் உகரமும் இல்லை. ஏன் அந்த இரண்டு மட்டும்? (கோயம்புத்தூர் வாசகர்)

அருமையான கேள்வி. விடை கையால் கணக்குப் போட்டாலே தெரியும்.

தமிழின் ஒவ்வொரு குறியும் 224 என்ற பைட்டில் தொடங்கும், அடுத்தது 174 அல்லது 175. விண்டோஸ்-1252-இல் 224-தான் அந்தக் கோடு போட்ட ஏ, 174 வட்டத்துக்குள் ஆர். யாரோ யூடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸ்-1252 என்று நினைத்து, மறுபடி ஒருமுறை யூடிஎஃப்-8-ஆக மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் செய்த எதிர்மாற்றம் சரியானதே.

ஆனால் விண்டோஸ்-1252-இல் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. இப்போது தமிழைப் பாருங்கள். உகரக் குறி 224, 175, 129. புள்ளி 224, 175, 141. ஏ 224, 174, 143. ஐ 224, 174, 144. எத்தனையோ எழுத்துகள் இருக்க, சரியாகப் புள்ளியும் உகரமும் அந்தக் காலி இடங்களில் போய் விழுகின்றன, கூடவே ஏ, ஐ. ('ௐ' கூட, ஆனால் அது உங்கள் தரவில் இருக்க வாய்ப்பு குறைவு.) முன்பு மாற்றியவரின் நிரல் கண்டிப்பானதாக இருந்தால் அந்தப் பைட்டை விட்டிருக்கும், அல்லது 65533 என்ற பதிலிக் குறியைப் போட்டிருக்கும். விண்டோஸின் சொந்த மாற்றியாக இருந்தால் 129-ஐ 129 என்ற கட்டுப்பாட்டுக் குறியாகவே வைத்திருக்கும், அப்படியென்றால் தகவல் இன்னும் இருக்கிறது.

ஆகவே முதலில் தரவுத்தளத்தில் அந்தக் கட்டுப்பாட்டுக் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஜிலிப்சியின் ஐகான்வ் அவற்றில் ஈஇல்செக் தரும், நீங்கள் இக்னோர் போட்டிருந்தால் அவற்றைக் கடைசியாக அழித்தது நீங்களே என்றும் இருக்கலாம். இக்னோரை எடுத்துவிட்டு, அந்த ஐந்து எண்களில் ஒன்று வந்து நின்றால் அதே எண்ணை ஒரு பைட்டாக நேரடியாக எழுதித் தாண்டுங்கள். முழுத் தமிழும் வந்துவிடும்.

உண்மையிலேயே போயிருந்தால் நம் இலக்கணம் கொஞ்சம் உதவும். 224, 175 என்று அரைகுறையாக நிற்கும் இடத்தில் முன்னால் ங இருந்து பின்னால் க வந்தால் அது புள்ளி. சொல்லின் முதலெழுத்தில் நின்றால் பெரும்பாலும் உகரம், ஏனென்றால் தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது, 'ப்ரியா' மாதிரிப் பெயர்கள்தான் விலக்கு. இரண்டு 'ட'வுக்கு நடுவே என்றால் ஏறக்குறைய எப்போதும் புள்ளி. மீதியை ஒரு சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, பெயர்களை மட்டும் மனிதர் பார்க்க வையுங்கள். அசல் தரவுத்தளத்தின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு இதையெல்லாம் தொடங்குங்கள்.

256 இடங்கள் உள்ள அட்டவணை வைத்து நானே ஒரு மாற்றி எழுதினேன். ராஸ்பெர்ரி பையில் ஓடுகிறது, மடிக்கணினியில் தமிழ் வந்ததும் விழுந்துவிடுகிறது. (புதுச்சேரி மாணவி)

பைட்டை வைக்கும் மாறியை வெறும் சார் வகை என்று அறிவித்திருப்பீர்கள். இன்டெல் வகைக் கணினிகளில் வெறும் சார் குறியுள்ள எண், ஆகவே 224 என்ற பைட் -32 ஆகிறது, அட்டவணையின் -32-ஆவது இடத்தைத் தேடிப் போய் நிரல் விழுகிறது. ராஸ்பெர்ரி பையில் இருக்கும் ஆர்ம் வகை லினக்ஸில் வெறும் சார் குறியில்லாதது, அதனால் அங்கே ஓடியது. எல்லா இடத்திலும் அன்சைன்ட் சார் என்று மாற்றுங்கள். 'சி என்ற மாறி 224-க்குச் சமமா' என்ற ஒப்பீடும் மடிக்கணினியில் ஒருநாளும் உண்மையாகாது. இஸ்ஆல்ஃபா (எழுத்தா என்று பார்க்கும் சார்பு) போன்றவற்றுக்கும் எதிர்மறை எண்ணைக் கொடுக்கக் கூடாது.

அப்பா எழுதிய கட்டுரைகள் பாமினியில் இருக்கின்றன. எளிய உரைக்கோப்பாகச் சேமித்து ஐகான்வில் கொடுத்தேன், பிழையே இல்லை, பூஜ்யம் திரும்பியது, ஆனால் எதுவுமே மாறவில்லை. (யாழ்ப்பாண வாசகர்)

மாறாது. ஐகான்வுக்குத் தெரிந்த அர்த்தத்தில் பாமினி ஓர் என்கோடிங்கே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. 'தமிழ்' என்று உங்கள் அப்பா அடித்தது கோப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கிறது: 106, 107, 112, 111, 59. ஐந்துமே சுத்தமான ஆஸ்கி, யூடிஎஃப்-8-இலும் அவை அப்படியேதான் இருக்கும். இங்கே பூஜ்யம் என்றால் 'நீங்கள் சொன்னதைச் செய்தேன்' என்று மட்டுமே பொருள், உரை சரியானது என்று பொருளில்லை.

அட்டவணையை நீங்கள்தான் எழுத வேண்டும், அது ஒரு நாள் வேலை. நீளமான வடிவங்களை முதலில் பொருத்துங்கள். 'கொ' பாமினியில் என், எஃப், எச் என்று மூன்று எழுத்து, இடப்பக்கக் கொம்பு முதலில் வரும், திஸ்கியில் பார்த்த அதே சிக்கல். கொம்பைத் தனியாக மாற்றிவிட்டால் அது முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிவிடும்.

ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம், உரைக்கோப்பை விட்டுவிட்டு மூல வேர்டு கோப்புகளுக்குத் திரும்புங்கள். கட்டுரைகளுக்கு நடுவே ஆங்கிலச் சொற்கள் இருக்குமே. ஐ, எஃப் என்ற இரண்டெழுத்து ஆங்கிலத்தில் 'இஃப்', பாமினியில் 'கை'. எது எது என்பதைச் சொல்வது அந்தத் துண்டுக்குப் போட்டிருக்கும் எழுத்துருவின் பெயர் மட்டும்தான், எளிய உரையாகச் சேமித்த அன்றே அந்தத் தகவல் போய்விட்டது. டாக்எக்ஸ் கோப்பு என்றால் அது ஜிப் தொகுப்பு, உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்-இல் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயர் இருக்கும், பாமினி என்று எழுதியிருக்கும் துண்டுகளை மட்டும் உங்கள் அட்டவணை வழியாக அனுப்புங்கள். எழுத்துருப் பெயர் துண்டில் இல்லையென்றால் பத்தியின் பாணியில் தேடுங்கள், பழைய கோப்புகளில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்பா உடன் இருக்கிறார் என்றால், மாற்றிய முதல் கட்டுரையை அவரிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.